தொண்ணூறாவது நாள்: குமரி மாவட்டத்தில் ஒரு வக்கீல் கிரைம் தொடர் எப்படி ஓடும்?

வேகமான கிரைம் தொடருக்கு வக்கீலை நாயகனாக்குவதில் பெரிய வசதி ஒன்று உண்டு. போலீஸ் நாயகன் கதவைத் தட்டினால் திறந்துதான் ஆக வேண்டும். தனியார் துப்பறிவாளருக்கு நம் நாட்டில் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை. அவர்களை முறைப்படுத்த 2007-ல் வந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. வக்கீல் இந்த இருவருக்கும் நடுவில் நிற்பவர். அவரால் யாரையும் கைது செய்ய முடியாது. ஆனால் ஒருவரைக் கூண்டில் நிறுத்தி, பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியைக் கேட்க முடியும். ஆவண நகலைக் கேட்டு வாங்க முடியும். கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை, கட்சிக்காரரே இசைந்தாலொழிய வெளியே சொல்லாமல் இருக்க முடியும்; சொல்லவும் கூடாது. இந்தப் பாதுகாப்பு முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆவது பிரிவில் இருக்கிறது.

அந்த நாயகன் வசீகரமானவன், பெண்களிடம் சபலம் உள்ளவன் என்று வைத்தால் தொடருக்கு ருசி கூடும், ஆபத்தும் கூடும். தமிழில் இந்த ஆபத்தைக் கையாண்ட முறைக்கு நல்ல சான்று சுஜாதாவின் கணேஷ் - வசந்த். மூளையும் நிதானமும் மூத்தவருக்கு, குறும்பும் சபலமும் ஜூனியருக்கு. மூத்தவர் மேல் வாசகர் வைத்த நம்பிக்கை இதனால் கெடாமல் இருந்தது. இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்தால் அந்தக் காப்பு போய்விடும். கட்சிக்காரப் பெண் அழும்போது நாயகன் ஆறுதல் சொல்வது தொழிலாலா, ஆசையாலா என்று வாசகர் சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகத்தைக் கதையின் உள்ளேயே கொண்டுவந்து வைப்பவர்தான் தொடரை நான்காவது, ஐந்தாவது கதை வரை இழுத்துப் போக முடியும்.

கெடுதான் வேகம்

கார் துரத்தலால் வரும் வேகம் ஒரு பக்கத்தில் தீர்ந்துவிடும். வக்கீல் கதைக்கு வேண்டிய வேகத்தைச் சட்டமே கெடு வைத்துக் கொடுக்கிறது. கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது முதல் கெடு. அடுத்தது போலீஸ் காவல். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ரிமாண்டின் முதல் 15 நாளுக்குள்தான் போலீஸ் காவலுக்கு எடுக்க முடியும். இப்போதுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவில் அதே 15 நாளைத் துண்டு துண்டாக, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எடுக்கலாம். கைதாகி ஐந்து வாரம் கழித்து, இனி ஆபத்து இல்லை என்று கட்சிக்காரர் மூச்சு விடும் நேரத்தில் மறுபடியும் ஸ்டேஷனுக்கு இழுக்கலாம் என்றால், கதாசிரியருக்கு அது புது ஆயுதம்.

மூன்றாவது கெடுதான் பொன் முட்டை. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால், ஜாமீன் பெறுவது குற்றம்சாட்டப்பட்டவரின் உரிமையாகிவிடும். அந்த அளவுக்குக் கடுமையான தண்டனை இல்லாத குற்றங்களுக்கு 60 நாள். இந்தக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரிமாண்ட் ஆன நாளையும் எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தெளிவுபடுத்தியது. ஜூன் 3-ல் ரிமாண்ட் என்றால் ஜூனில் 28 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 31. ஆகஸ்ட் 31 தொண்ணூறாவது நாள். முதல் நாளை விட்டு எண்ணும் பழக்கமுள்ள விசாரணை அதிகாரி செப்டம்பர் 1 வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். நாயகன் செப்டம்பர் 1 காலை 10.30-க்கு நீதிமன்றம் கூடும்போது மனுவோடு நிற்க வேண்டும். மனு கொடுப்பதற்கு முன் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் உரிமை போயிற்று. மனு கொடுத்த பிறகு போலீஸ் ஓடிவந்து தாக்கல் செய்தாலும் உரிமை போகாது. இரண்டு தாள்களில் எது முதலில் மேசைக்கு வருகிறது என்பதில் ஓர் ஆளின் விடுதலை தொங்குகிறது. துப்பாக்கிச் சண்டையை விட இது விறுவிறுப்பானது, எழுதுகிறவர் அந்தக் கணக்கை வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால்.

இங்கே நாயகனின் சபலம் வந்து முட்டட்டும். ஆகஸ்ட் 31 இரவு அவன் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்ணுடன் இருக்கிறான். நாகர்கோவிலில் இருந்து 70 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று சாலை முழுக்கக் கடைத்தெரு. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்கு வந்து சேர்வது நிச்சயமில்லை. குமாஸ்தா போன் மேல் போன் போடுகிறார்: "சாரே, எங்க நிக்கீங்க? ஏட்டு ஒரு கட்டுப் பேப்பரோட கோர்ட்டு வராந்தாவுல நிக்காரு." இந்த ஒரு வரியில் துரத்தல், கெடு, குணக்கேடு மூன்றும் சேர்ந்துவிடும்.

மேல்முறையீட்டுக்கும் தூரம் உண்டு. செஷன்ஸ் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தால் 2004 முதல் செயல்படும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அங்கே உத்தரவு கிடைத்த அன்றே ஆள் வெளியே வந்துவிடுவதாக எழுதுவது பெரிய பிழை. உத்தரவு நகல் கீழ் நீதிமன்றத்துக்கு வர வேண்டும், ஜாமீன்தாரர்கள் ஆவணங்களோடு நேரில் நிற்க வேண்டும், அவர்கள் சரிதான் என்று மாஜிஸ்திரேட் ஏற்க வேண்டும், பிறகு விடுவிப்பு உத்தரவு சிறைக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதில் ஒரு கண்ணி அறுந்தால் திங்கள் வரை உள்ளேதான். ஜாமீன்தாரர் ஒருவரை யாரோ மிரட்டி வர விடாமல் செய்தால் அதுவே ஓர் அத்தியாயம்.

நீதிமன்றத்தில் எது உண்மையாக நடக்கிறது

அமெரிக்கப் பாணியில் ஜூரியைப் பார்த்துக் கையை வீசிப் பேசும் காட்சி இங்கே எடுபடாது. நம் விசாரணை நீதிமன்றத்தில் நீதிபதிதான் எல்லாம். சாட்சியம் பெரும்பாலும் தமிழில் பதிவாகும். நாயகன் ஒரே கேள்வியில் குற்றவாளியை உடைத்து அழ வைப்பதும் அபூர்வம். உண்மையான குறுக்கு விசாரணை இரண்டு கட்டமாக நடக்கும் பொறி, அதைத் தெரிந்து எழுதினால் தொடருக்கு அருமையான எலும்புக்கூடு கிடைக்கும்.

சாட்சி போலீஸிடம் சொன்னது ஒன்று, கூண்டில் சொல்வது வேறு என்று வையுங்கள். போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்காது. அதை நேரடிச் சாட்சியமாக்க முடியாது. முரண்பாட்டைக் காட்ட மட்டும் பயன்படுத்தலாம். வக்கீல் அந்தக் குறிப்பிட்ட வரியைச் சாட்சிக்குக் காட்டிக் கேட்க வேண்டும். சாட்சி "அப்படிச் சொல்லவில்லை" என்பார். வக்கீல் அங்கே வெற்றிச் சிரிப்பு சிரிக்காமல் உட்கார்ந்துவிட வேண்டும். வாரங்கள் கழித்து விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, "இந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?" என்று கேட்டு "ஆம்" வாங்கினால்தான் முரண்பாடு நிரூபணமாகும். இரண்டாவது படியை மறந்தால் முதல் படி வீண். வசீகரத்தில் மிதக்கும் நாயகன் முதல் படியில் கைதட்டல் வாங்கிவிட்டு இரண்டாவதைக் கோட்டைவிடுவது, அவன் குணத்துக்குப் பொருந்தும் தோல்வி.

கொலை வழக்கில் நாயகன் முதலில் பார்க்க வேண்டியது முதல் தகவல் அறிக்கையின் மூலையை. அங்கே மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து, அதன் பக்கத்தில் தேதியும் பெற்ற நேரமும் இருக்கும். களியக்காவிளை ஸ்டேஷனில் காலை ஆறரைக்குப் பதிவானதாகச் சொல்லும் அறிக்கை, பத்து கிலோமீட்டருக்குள் உள்ள குழித்துறை மாஜிஸ்திரேட் கைக்கு மாலை நான்கு மணிக்கு வந்திருந்தால் நடுவில் ஒன்பதரை மணி நேரம் காணோம். அந்த நேரத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்துப் பெயர்களைச் சேர்த்திருக்கலாம். அடுத்து மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். அடிபட்டவரைக் கொண்டுவந்தவர் "அடையாளம் தெரியாத இரண்டு பேர் வெட்டினார்கள்" என்று டாக்டரிடம் சொல்லியிருந்து, பிறகு வந்த புகாரில் நான்கு பேர் பெயரோடு இருந்தால் வழக்கின் அடித்தளம் ஆடும். மூன்றாவது பிரேத விசாரணை அறிக்கை. அதன் தலைப்பில் குற்ற எண் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தால், அது எழுதப்பட்டபோது முதல் தகவல் அறிக்கையே பிறக்கவில்லையோ என்று கேட்க இடம் உண்டு. இந்த மூன்று தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரங்களை ஒப்பிட்டாலே பாதிக் கதை வந்துவிடும்.

எண்களிலும் கவனம் தேவை. கொலை வழக்குக்கு முதல் நாளே செஷன்ஸ் வழக்கு எண் கொடுத்துவிடுகிறார்கள் பலர். ஸ்டேஷனில் குற்ற எண். குற்றப்பத்திரிகை வந்ததும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. எண். செஷன்ஸுக்கு அனுப்பி வைத்த பிறகுதான் எஸ்.சி., அதாவது செஷன்ஸ் வழக்கு எண். பிரிவு எண்ணும் அப்படியே: 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, அன்றிலிருந்து நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(1). பத்து வருடப் பழைய கொலையைத் தோண்டும் கதையில் 103 என்று வந்தால் வக்கீல் வாசகர்கள் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

கத்தியைக் கண்டெடுக்கும் பழைய காட்சியும் மாறியாக வேண்டும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதன்மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் ஏற்கப்படும். வி.ஏ.ஓ.வும் தலையாரியும் மகஜரில் கையெழுத்துப் போடுவது வழக்கம். இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவின்படி தேடுதலையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். எனவே கேள்வி "கத்தியை நீங்களே வைத்தீர்களா?" என்பதிலிருந்து "பதினோராவது நிமிடத்துக்கும் பதிமூன்றாவது நிமிடத்துக்கும் நடுவில் கேமரா ஏன் நின்றது?" என்பதற்கு நகர்ந்துவிட்டது.

இந்த மாவட்டம் தரும் தடயங்கள்

நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று ஐந்து இடங்களில் நீதிமன்றங்கள். தமிழ்நாட்டின் மிகச் சிறிய மாவட்டங்களில் ஒன்றில் இத்தனை. ஆனால் மாவட்டம் ஒரே மாதிரி இல்லை. ஜூலையில் குலசேகரத்தில் மழை கொட்டும் அதே நாளில் ஆரல்வாய்மொழியில் காற்றும் புழுதியுமாக இருக்கும். காரின் சக்கரச் சேறு, நனைந்த செருப்பு, காய்ந்த துணி எல்லாம் இங்கே சாட்சி சொல்லும்.

மீன்பிடித் தடைக்காலத்தைப் போல ஒரு அலிபி (அந்த நேரம் வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதம்) பொறி வேறு மாவட்டத்தில் கிடைக்காது. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குக் கரையில் உள்ள குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் குளச்சல் விசைப்படகில் தங்கு தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க) போயிருந்தேன் என்பவர் உண்மை பேசலாம். அதே மே மாதம் சின்னமுட்டம் விசைப்படகில் போனேன் என்பவர் பொய் சொல்கிறார். ஜூன் 1 முதல் 14 வரை இரு பக்கமும் விசைப்படகு கட்டிக் கிடக்கும். ஆனால் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களுக்குத் தடை இல்லை என்பதை நாயகன் மறந்தால், குறுக்கு விசாரணையில் மீனவர் ஒருவரே அவனுக்குப் பாடம் எடுப்பார்.

ரப்பர் தோட்டம் இன்னொரு களம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரும் பால்வெட்டுத் தொழிலாளியை விட நல்ல கண்சாட்சி கிடையாது. அதனால்தான் பொய்ச் சாட்சியையும் அப்படி ஆக்குவார்கள். குறுக்கு விசாரணை இப்படிப் போகலாம்:

"அண்ணைக்கு மழை உண்டுமா?"

"ராத்திரி முழுக்க உண்டு சாரே. வெளுப்பிலயும் தூறிச்சு."

"மரத்துல பிளாஸ்டிக் மறைப்பு ஒட்டியிருந்துதா?"

"அந்தத் தோட்டத்துல ஒட்டல."

"மறைப்பு இல்லாத மரத்துல, நனஞ்ச பட்டையில வெட்டினா பால் சிரட்டைக்கு வருமா, பட்டையில பரந்து போவுமா?"

சாட்சி மௌனமாகிறார். மழையில் பால் வழியை விட்டுப் பரவும், சிரட்டையில் தண்ணீர் சேர்ந்து வெளியே கொட்டும். மறைப்பு இல்லாத தோட்டத்தில் அன்று யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். சாட்சிக்கு அங்கே போக வேலையே இல்லை. இந்தக் காட்சிக்கு எந்தக் கூச்சலும் தேவையில்லை. ஆனால் தோட்டத்தில் மறைப்பு இல்லை என்பதை இரண்டு அத்தியாயம் முன்னால் வாசகரின் கண்ணில் காட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அது ஏமாற்று. பருவமும் முக்கியம்: மழைக்காலத்தில் பத்து மரத்துக்கு அப்பால் தெரியாத தோட்டம், இலை உதிரும் ஜனவரி, பிப்ரவரியில் தூரம் வரை திறந்து கிடக்கும்.

நில வழக்கில் தொடங்கும் கொலைக்கு இந்த மாவட்டம் இன்னும் வளமானது. 1956 நவம்பர் 1 வரை இது முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. பழைய ஆவணங்கள் பல மலையாள எழுத்தில், மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்கம் (ஆவணி) முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) வரை 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. "தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்" என்று பெரியவர்கள் சொல்லும் வெள்ளம் 1099 கர்க்கடகத்தில் வந்தது. 825 கூட்டினால் 1924 ஜூலை. போலி ஆவணம் தயாரித்தவர் எல்லா மாதத்துக்கும் 825-ஐயே கழித்திருந்தால், 1931 அக்டோபரில் எழுதியதாகச் சொல்லும் பத்திரத்தில் கொல்லம் 1106 துலாம் (ஐப்பசி) என்று வந்துவிடும். சரியானது 1107. ஒரு வருடம் பிசகிய அந்த எண்ணில் முழு மோசடியும் அவிழும்.

பேச்சிலும் தடயம் உண்டு. மலையாளத்தில் "மற்றந்நாள்" என்றால் நாளை மறுநாள். எல்லையோரத்தில் பேச்சு கலந்து வரும். ஒரு பெண் "மற்றநா வருவாருன்னு சொன்னாரு" என்று சொன்னதை, தஞ்சாவூர்க்காரரான ஸ்டேஷன் ரைட்டர் "மறுநாள்" என்று எழுதினால் ஒரு நாள் தவறிவிடும். அலிபி உடையும் அல்லது பிறக்கும். செல்போனும் அப்படித்தான். எல்லைக் கிராமத்தில் நிற்கும் போன் கேரள டவரைப் பிடிக்கும். டவர் பதிவை மட்டும் வைத்து ஆள் பாறசாலையில் இருந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது.

வசீகரத்துக்கு என்ன விலை

1980-களின் மாத நாவல்களில் நாயகன் பெண்ணின் பின்னால் இரண்டு முறை போவான், மூன்றாவது முறை அவள் சிரிப்பாள். இப்போது, விருப்பமில்லை என்று காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் குற்றம். கல்யாணம் செய்வதாகப் பொய் சொல்லி உறவு கொள்வது 69-ஆவது பிரிவில் தனிக் குற்றம், பத்து வருடம் வரை சிறை. சபலக்கார வக்கீல் என்ற பாத்திரத்தின் தலைமேல் இந்தப் பிரிவு எப்போதும் தொங்கும். அதை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மையில்லை, பயன்படுத்தினால் தொடருக்கு லாபம். இவன் ஒருபோதும் கல்யாண வாக்குறுதி கொடுக்காதவன் என்பதே குணச்சித்திரமாகலாம். எதிரி ஒருவன் அந்த வாக்குறுதியைக் கொடுத்ததுபோல் போலி குறுஞ்செய்தி உருவாக்கலாம். மறுபுறம், பிறன்மனை உறவு 2018 செப்டம்பரோடு குற்றமாக இல்லாமல் போனது. "புருஷன் கேஸ் போட்டுவிடுவான்" என்ற பழைய மிரட்டல் செல்லாது. விவாகரத்துக்குக் காரணமாக மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

வசீகரம் கதையில் வேலை செய்ய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகப் பெண்ணிடம் சிரித்துப் பேசி ஆவண நகல் வாங்குவது சோம்பேறிக் காட்சி. மனுப்போட்டுக் கட்டணம் கட்டினால் யாருக்கும் நகல் கிடைக்கும், வில்லங்கச் சான்று இணையத்திலேயே வரும். தாளில் இல்லாத விஷயத்துக்குத்தான் வசீகரம் தேவை: பத்திரம் எழுதிய அன்று கிழவரை யார் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள், அவர் முகம் எப்படி இருந்தது. அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்குத் தன் காரணம் இருக்க வேண்டும். அவள் பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்கட்டும், மறைத்த பாதியில்தான் கொலையாளி இருக்கட்டும். அவளுக்கு ஒரு வேலை, ஒரு பயம், ஒரு திட்டம் இல்லையென்றால் அவள் கதைக்குத் தேவையில்லை.

சிறிய ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. சாயங்காலம் வடசேரியில் ஒரு பெண்ணோடு காபி குடித்தால் இரவுக்குள் கோட்டாறு வரை தெரிந்துவிடும். நாயகனின் மறைவிடம் எல்லைக்கு அப்பால்தான் இருக்க முடியும். அந்தத் தூரமே பிறகு அவனுக்கு எதிராகத் திரும்பும்.

தொடர் எழுதுகிறவர் ஒரு நோட்டில் ஒவ்வொரு கதைக்கும் எழுதிவைக்க வேண்டியது: எந்தப் பெண்ணிடம் நாயகன் என்ன சொன்னான், எந்தத் தேதியில், எங்கே, யார் பார்த்தார்கள். ஐந்தாவது கதைக்கு அது தேவைப்படும். கொலை நடந்த இரவில் குற்றம்சாட்டப்பட்ட பெண் எங்கே இருந்தாள் என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நாயகன், ஏனென்றால் அவள் அவனோடு இருந்தாள். தான் சாட்சியாக வேண்டிவரும் வழக்கில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அவன் வக்காலத்தை விட்டுக்கொடுத்து, ஆட்சேபனை இல்லை என்று எழுதி ஜூனியரிடம் தர வேண்டும். கறுப்பு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பின் முதல் சாட்சியாகக் கூண்டேற வேண்டும். அரசு வக்கீல் எழுந்து, அவசரமில்லாமல், முதல் கதையில் வந்த பெண்ணின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறார்: "அவரிடமும் அன்று இரவு வேறு எங்கோ இருந்ததாகத்தானே சொன்னீர்கள்?"